புன்னைக்காயலின் புத்தகம்

தமிழ் அச்சு வரலாற்றை நம் கல்லூரிகளில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறோம். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’, 1579இல் கொச்சியில் ‘கிரிசித்தியானி வணக்கம்’, 1586இல் ‘அடியார் வரலாறு’. மூன்றையும் தந்தவர் போர்த்துகல் நாட்டு இயேசு சபைத் துறவி அண்டிரிக் அடிகளார். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இவ்வளவு போதும். மூன்றாவது நூலோடு சேர்த்துச் சொல்லப்படும் புன்னைக்காயல் என்ற ஊர்ப்பெயர் மட்டும் அடைப்புக்குறிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அந்த அடைப்புக்குறியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். 1586ஆம் ஆண்டுப் புத்தகத்தை ஒரு பாதிரியாரின் சாதனை என்று மட்டும் எழுதுவது பாதி வரலாறு. ஒரு கடற்கரைச் சமூகம் தன் தேவைக்காகத் தன் பணத்தையும் தன் பேச்சையும் கொடுத்து உண்டாக்கிக்கொண்ட நூல் அது. அதை அந்தக் கரையின் நூலாக வாசிக்க நாம் பழகவில்லை. அதனால்தான் சங்கப் பாட்டின் நெய்தலுக்கும் இருபதாம் நூற்றாண்டின் கடலோர நாவலுக்கும் நடுவே பெரும் வெற்றிடம் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். அந்த நம்பிக்கைக்கான விலையை இன்று நம் வகுப்பறைகளில் அமர்ந்திருக்கும் கடற்கரைப் பிள்ளைகள் கொடுக்கிறார்கள்.

*

முதலில் ஊரைப் பற்றி. தூத்துக்குடிக்குத் தெற்கே, தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். ஆத்தூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை இந்த ஊரோடு முடிந்துவிடுகிறது. அதற்கு அப்பால் ஆறும் கடலும்தான். தெற்கே சிறிது தொலைவில் காயல்பட்டினம். வடமேற்கே பழையகாயல். இன்னும் உள்ளே போனால் கொற்கை.

இந்த ஊர்களின் வரிசையே ஒரு வரலாற்று நூல். பாண்டியரின் துறைமுகமாகச் சங்கப் பாடல்கள் போற்றும் கொற்கை இன்று வயல்களுக்கு நடுவே கிடக்கிறது. கடல் அதன் கண்ணுக்கு எட்டுவதில்லை. ஆறு ஆண்டாண்டாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைத் தள்ளிவைத்தது. துறை கிழக்கே நகர்ந்து காயலுக்கு வந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ கண்டு எழுதிய காயல் அது. அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய பட்டினம். பிறகு அதையும் மணல் மூடியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கால்டுவெல் தேடிச் சென்று அடையாளம் கண்டு எழுதும் அளவுக்கு அது மறக்கப்பட்டிருந்தது. ஆற்றின் வாய் எங்கே போயிற்றோ அங்கே மனிதர்களும் போனார்கள். போர்த்துகீசியர் வந்தபோது அந்த வாய் புன்னைக்காயலில் இருந்தது.

பெயரையும் கவனியுங்கள். புன்னை நெய்தல் நிலத்தின் மரம். விளையாட்டாகப் புதைத்து வளர்த்த புன்னையைத் தங்கை என்று தாய் சொல்லியிருக்க, அதன் நிழலில் காதலனோடு பேச நாணும் பெண்ணை நற்றிணையில் படிக்கிறோம். காயல் என்பது கடலோரத்து உப்பங்கழி. திணை இலக்கணத்தின் கருப்பொருள் இரண்டைச் சேர்த்து ஒட்டியதுபோல இருக்கிறது ஊர்ப்பெயர். நெய்தலைப் பாடம் சொல்பவர்கள் கரும்பலகையில் முதலில் எழுத வேண்டிய பெயர் இதுதான் என்று எனக்குத் தோன்றும்.

*

இந்தக் கரையை உலகம் அறிந்தது முத்தால். கொற்கை முத்துக் குளிப்பில் தண்டனை பெற்ற குற்றவாளிகள் ஈடுபடுத்தப்பட்டதாக, முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்ரேயக் கடற்பயணக் குறிப்பு’ சொல்கிறது. முத்தின் ஒளியைப் பற்றி நம்மிடம் எண்ணற்ற உவமைகள் உண்டு. அதை எடுத்துவந்த நுரையீரலைப் பற்றிய இலக்கியக் குறிப்பு மிகக் குறைவு. காலில் கல்லைக் கட்டிக்கொண்டு, மூச்சை அடக்கி, கடலடியில் உள்ள பாரில் சிப்பி பொறுக்கும் ஒருவன். மேலே தோணியில் அவன் கயிற்றைப் பிடித்திருக்கும் இன்னொருவன். கயிறு பிடிப்பவன் மைத்துனனாக இருக்க வேண்டும் என்பது அக்கரையில் வழங்கும் பேச்சு. தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருப்பதால் அவன் அசந்துபோக மாட்டான். ஒரு தொழில் எப்படி உறவுமுறையை அமைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

முத்துச் சலாபத்தின் வருமானம் பாண்டியருக்கும், போர்த்துகீசியருக்கும், நாயக்கருக்கும், டச்சுக்காரருக்கும், நவாபுக்கும், ஆங்கிலேயருக்கும் கைமாறி வந்தது. குளித்தவர்கள் பெரும்பாலும் ஏழைகளாகவே இருந்தார்கள். விடுதலைக்குப் பிறகு 1955 முதல் 1961 வரை அரசு நடத்திய முத்துக் குளிப்போடு அந்தத் தொழில் நின்றுவிட்டது.

முத்து வெளியே போய்விட்டது. கரையில் தங்கியது ஊர் அமைப்பு. துறைதோறும் பட்டங்கட்டி என்ற தலைவர், எல்லாத் துறைகளுக்கும் மேலாக ஜாதித்தலைவர். 1530களில் பரதவர் கூட்டம் கூட்டமாகக் கத்தோலிக்கத்தைத் தழுவியதை இந்த அமைப்பைக் கொண்டுதான் புரிந்துகொள்ள முடியும். அந்த நிகழ்வைப் பற்றி நம் சூழலில் இரண்டு கதைகள் உலவுகின்றன. இருளில் இருந்தவர்கள் ஒளி பெற்றார்கள் என்பது ஒன்று. ஏமாற்றி மதம் மாற்றினார்கள் என்பது மற்றொன்று. இரண்டிலும் பரதவர் செயப்பாட்டு வினையாகவே இருக்கிறார்கள். நடந்தது என்ன? முத்துப் பார்களின் மீதான உரிமைக்காக வலிய வணிகர்களோடும் உள்ளூர் ஆட்சியாளர்களோடும் மோதல் முற்றிய வேளையில், பட்டங்கட்டிகள் கொச்சிக்குச் சென்று போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டார்கள். திருமுழுக்கு அந்த உடன்படிக்கையின் பகுதி. நெருக்கடியில் ஒரு சமூகம் தன் தலைவர்கள் வழியாக எடுத்த அரசியல் முடிவு அது. அதற்கான விலையை, முத்து வருமானத்தில் போர்த்துகீசியர் எடுத்துக்கொண்ட பங்காகப் பின்னர் செலுத்தவும் நேர்ந்தது. பாதுகாப்பும் முழுமையாக இல்லை. 1544இல் வடுகர் படை தாக்கியபோது மக்கள் கடலில் நீட்டிக்கொண்டிருந்த பாறைகளில் ஏறிப் பட்டினி கிடந்தார்கள். சவேரியார் தோணிகளில் உணவும் நீரும் கொண்டுசெல்ல முயன்றதை அவருடைய கடிதங்களே சொல்கின்றன. 1553இல் புன்னைக்காயலும் தாக்கப்பட்டுச் சூறையாடப்பட்டது.

நம்பிக்கை பிறகு வேரூன்றியது. 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைக் கைப்பற்றி, கத்தோலிக்கத் துறவிகளை விரட்டிய பின்னும் இம்மக்கள் தங்கள் வழிபாட்டை விடவில்லை. அரசியலாகத் தொடங்கியது ஒரு நூற்றாண்டில் வாழ்க்கையாகிவிட்டிருந்தது. அந்த இடைக்காலத்தில் நடந்தவற்றுள் ஒன்றுதான் புத்தகம்.

*

சவேரியார் 1542இல் இக்கரைக்கு வந்தபோது அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டிவைத்து மன்றாட்டுகளைத் தமிழாக்கினார். அவற்றை மனப்பாடம் செய்து ஊர் ஊராகச் சொன்னார். ஒவ்வோர் ஊரிலும் ஒரு கணக்கப்பிள்ளையை அமர்த்தினார். சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதும், பிறப்பு இறப்பைக் கவனிப்பதும், துறவி இல்லாத நாளில் வழிபாட்டை நடத்துவதும் அவர் வேலை. எழுத்தறிவைச் சிலரது உடைமையாக வைத்திருந்த காலத்தில், மீன்பிடி ஊர் ஒவ்வொன்றிலும் எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்த சான்று இன்னும் வலியது. 1554இல் லிஸ்பன் நகரில் ஒரு சிறிய தமிழ் நூல் அச்சானது. எழுத்து உரோமன், மொழி தமிழ். அதை உருவாக்கியவர்கள் வின்சென்ட் நசரேத், ஜோர்ஜ் கர்வாலோ, தோமா தா குரூஸ் ஆகிய மூவர். பெயர்கள் போர்த்துகீசியம், ஆள்கள் நம் முத்துக்குளித்துறைக்காரர்கள். அச்சேறிய முதல் தமிழ் நூலின் பின்னே கடற்கரைத் தமிழர் மூவர் நிற்கிறார்கள். இந்த மூன்று பெயர்களையும் நம் பட்டதாரிகளில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருப்பார்கள்?

அண்டிரிக் அடிகளார் என்று தமிழில் அழைக்கப்பெறும் என்றிக்கே என்றீக்கஸ் 1546இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டிலிருந்து 1600இல் இறக்கும்வரை பெரும்பாலும் இக்கரையிலேயே வாழ்ந்தார். தமிழுக்கு இலக்கணக் குறிப்பு எழுதினார். புன்னைக்காயலில் நோயாளிகளுக்கு ஒரு மருத்துவ இல்லமும் அவர் காலத்தில் நடந்தது. அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு எந்த நோக்கமும் இல்லை. ஆனால் அவரே தனியாள் அல்லர். கொல்லத்தைச் சேர்ந்த பேரோ லூயிஸ் என்ற பிராமணர், இயேசு சபையில் சேர்ந்த முதல் இந்தியர், தமிழில் அவருக்குத் துணை நின்றார். எழுத்து வார்ப்பதற்கும் அச்சிடுவதற்கும் ஆன செலவுக்கு முத்துக்குளித்துறை மக்கள் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். இன்று நம் சிற்றிதழ்கள் சந்தாவுக்கும் நன்கொடைக்கும் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தச் செய்தியின் எடை புரியும். மீன் விற்ற காசில் ஒரு சமூகம் அச்சுக்கூடத்துக்குப் பணம் கொடுத்திருக்கிறது, பதினாறாம் நூற்றாண்டில்.

அப்படி வந்த ‘அடியார் வரலாறு’ 600 பக்கங்களுக்கு மேற்பட்ட நூல். புனிதர்களின் வாழ்க்கைக் கதைகள். மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஒகரங்களில் குறில் நெடில் வேறுபாடு இல்லை. போர்த்துகீசியச் சொற்கள் தமிழ் நாவுக்கு வளைந்துகொடுத்து வருகின்றன. பேச்சின் சாயல் வாக்கியங்களில் படிந்திருக்கிறது. தமிழில் அதற்கு முன் உரைநடை இல்லாமல் இல்லை. கல்வெட்டுகள் உண்டு, இளம்பூரணர் முதலியோரின் உரைகள் உண்டு, சமணரின் மணிப்பிரவாள உரைநடை உண்டு. ஆனால் அவ்வுரைகள் கற்றவர் கற்றவருக்கு எழுதியவை. எழுத்தறியாத ஒரு சபை அமர்ந்து கேட்க, ஒருவர் வாசிக்கும் நெடிய கதை உரைநடை வேறு வகை. கணக்கப்பிள்ளை வாசிக்க வலைஞர்கள் கேட்கும் நூலாகவே இதை என்னால் நினைத்துப் பார்க்க முடிகிறது. கேட்பவருக்குப் புரிய வேண்டும் என்ற கட்டாயமே இதன் நடையைத் தீர்மானித்திருக்கிறது. பின்னாளைய தமிழ் உரைநடை அடைய வேண்டியிருந்த இடமும் அதுதானே?

புத்தகம் பிறகு நம் நினைவிலிருந்தே மறைந்துபோயிற்று. 1950களில் தனிநாயகம் அடிகள் ஐரோப்பிய நூலகங்களில் பழந்தமிழ் அச்சு நூல்களைத் தேடியபோது வத்திக்கானில் இதன் படியை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். 1967இல் இராசமாணிக்கம் அடிகள் பதிப்பித்தார்; வெளியிட்டது தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம். அந்தப் பதிப்பும் இன்று நூலகங்களில் தேடிப் பிடிக்க வேண்டிய ஒன்றாகிவிட்டது.

*

இதற்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றை நான் அறிவேன். முதலாவது, இது மொழிபெயர்ப்பும் தழுவலுமான சமயநூல், இலக்கியத் தரம் கிடையாது என்பது. பெரியபுராணத்தையும் சீறாப்புராணத்தையும் தேம்பாவணியையும் பாடமாக வைத்திருக்கும் நாம், சமயநூல் என்ற காரணத்தைச் சொல்ல முடியாது. தரம் என்றால், எந்த அளவுகோலால்? செய்யுளுக்குரிய அளவுகோலை உரைநடையின் குழந்தைப்பருவத்தின் மீது வைத்தால் எதுவும் தேறாது.

இரண்டாவது, கிடைத்துள்ள படியில் முகப்புப் பக்கம் இல்லாததால் அச்சிட்ட இடத்தை உறுதியாகச் சொல்ல முடியாது. கொச்சி என்று கருதுவோரும் உண்டு என்பது. நியாயமான ஐயம். ஆனால் என் வாதம் அச்சு எந்திரம் நின்ற இடத்தைப் பற்றியதன்று. எவருக்காக, எவர் பணத்தில், எவர் தமிழில் என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை இந்தக் கரைதான். எந்திரம் கொச்சியில் இருந்திருந்தாலும் புத்தகம் புன்னைக்காயலுடையதே.

மூன்றாவது, இது ஒரு சாதியின், ஒரு மதத்தின் பெருமையைப் பேசுவதாகிவிடும் என்பது. இந்த அச்சம் புரிந்துகொள்ளத்தக்கது. ஊர்வரலாறு என்ற பெயரில் இன்று அச்சாகும் பலவும் சாதிப் புகழ்ச்சிகளாக இருக்கின்றன. அதற்கு மருந்து ஊரின் உள்முகத்தையும் சேர்த்து எழுதுவது. பரதவருக்குள்ளேயே தூத்துக்குடியில் மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற பிளவு இருந்தது. ஒரு சாரார் தோணியும் வணிகமும் உடையவர்கள். மறுசாரார் கடலில் இறங்கியவர்கள். காயல்பட்டினத்து முஸ்லிம்களோடு பகையும் இருந்தது. அதைவிட நீண்ட காலம் கொடுக்கல் வாங்கலும் அண்டை வாழ்க்கையும் இருந்தன. முத்துக்காகத் தாத்தாக்கள் சண்டையிட்ட கடலில் பேரர்கள் ஒரே சந்தைக்குச் சரக்கு அனுப்பினார்கள். இவை அனைத்தையும் எழுதும் வரலாறு எவருக்கும் புகழ்மாலை ஆகாது.

*

சமூக வாழ்க்கையின் நுட்பம் புத்தகத்துக்கு வெளியேதான் அதிகம். மீன் கரைக்கு வந்ததும் நடப்பதைப் பாருங்கள். கரையில் கூறுகட்டி ஏலம் விடுகிறார்கள். ‘ஏலம்’ போர்த்துகீசியத்திலிருந்து வந்த சொல். அலமாரி, சாவி, சன்னல், மேசை, பீப்பாய் என்று நம் வீடுகளுக்குள் குடிபுகுந்த சொற்களும் அப்படியே. கடற்கரைத் துறைகளில் இறங்கி உள்நாட்டுக்கு நடந்து வந்தவை. சென்னைக்காரரும் மதுரைக்காரரும் நாள்தோறும் பலமுறை இக்கரையின் வரலாற்றை உச்சரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏலத்தில் வந்த பணம் பங்காகிறது. வள்ளத்துக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, போன ஆளுக்குப் பங்கு. கோவிலுக்கும் ஊருக்கும் உரியதை எடுத்துவைப்பார்கள். கரையில் வந்து நிற்கும் கைம்பெண்ணுக்கும் முதியவருக்கும் ஒரு கை மீன் போகும். பாடு இல்லாத நாளில் எல்லாருக்கும் ஒன்றுமில்லை. நிலவுடைமை ஊர்களில் விளைச்சல் பொய்த்தாலும் குத்தகை அளக்க வேண்டும். இங்கே இழப்பும் பங்குதான். இதில் மயங்கிவிடவும் கூடாது. முன்பணம் கொடுத்த வியாபாரி விலையைத் தானே முடிவுசெய்யும் கொடுமை இதே கரையில்தான் நடக்கிறது. கூடை சுமந்து மீன் விற்று, கருவாடு போட்டு, கடனைக் கட்டி வீட்டை நடத்தும் பெண்களுக்கு ஊர்க்கூட்டத்தில் நெடுங்காலம் குரல் இருந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போவதில்லை என்ற கட்டுப்பாடு வழிபாட்டுக்காக வந்தது. வாரத்தில் ஒருநாள் மனிதனுக்கும் கடலுக்கும் ஓய்வு கொடுத்தது. இப்படி ஒவ்வொரு வழக்கமும் பல முகம் உடையது.

இந்த வாழ்க்கையை நவீன இலக்கியம் தாமதமாகவே கண்டது. மணப்பாட்டைக் களமாகக் கொண்ட வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ 1977இல் வந்தது. அடுத்த ஆண்டு ராஜம் கிருஷ்ணனின் ‘அலைவாய்க் கரையில்’. 1988இல் தேங்காய்ப்பட்டினத்து முஸ்லிம் வாழ்வை எழுதிய தோப்பில் முஹம்மது மீரானின் ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’. 2004இல் ஜோ டி குருஸின் ‘ஆழி சூழ் உலகு’. 2009இல் வந்த அவருடைய ‘கொற்கை’ 2013இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. மீரானும் குருஸும் உள்ளிருந்து எழுதியவர்கள். இந்நாவல்களை நாம் வரவேற்ற விதத்தில்தான் எனக்கு மனத்தாங்கல். ‘வட்டார வழக்கு’ என்று ஒரு முத்திரையைக் குத்தி, கடைசிப் பக்கத்துச் சொற்பட்டியலைப் பாராட்டி, அடுத்த நாவலுக்குப் போய்விட்டோம். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருப்பவனின் மொழி வட்டார வழக்கு. காற்று என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்திருப்பவனின் மொழி பொதுத்தமிழ்! பெயர் சூட்டுவதிலேயே அதிகாரம் இருக்கிறது.

*

வகுப்பறையில் இதன் விளைவைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். கடற்கரை ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் நெய்தல் பாடம் நடக்கும்போது மற்றவர்களைவிட அமைதியாக இருப்பார்கள். உரிப்பொருள் இரங்கல், சிறுபொழுது எற்பாடு என்று எழுதிக்கொள்வார்கள். பட்டினப்பாலையில் பரதவர் சுறாக்கொம்பை நட்டு வழிபடும் பகுதி வரும்போது அவர்களில் எவருக்காவது சொல்ல ஏதாவது இருக்கும். சொல்ல மாட்டார்கள். தங்கள் வீட்டுச் சொல் பாடத்துக்கு உரியதன்று என்பதை அதற்குள் யாரோ அவர்களுக்குக் கற்பித்திருப்பார்கள். கடலடிப் பாறைக்குப் ‘பார்’ என்றும், நீரோட்டத்துக்கு ‘நீவாடு’ என்றும், வலைவீச்சில் கிடைப்பதற்குப் ‘பாடு’ என்றும் வீட்டில் பேசும் பிள்ளை, தேர்வுத்தாளில் கடலை ‘நீலத்திரை’ என்று வருணித்து எழுதுகிறது. நாமும் மதிப்பெண் போடுகிறோம்.

சொற்கள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பாய்மரம் போய் எந்திரம் வந்தபோது காற்றின் பெயர்கள் பாதி தேவையற்றுப்போயின. கரையில் தெரியும் கோபுரத்தையும் பனையையும் ஒரு கோட்டில் வைத்துக் கடலுக்குள் இடம் குறித்த அறிவு, செயற்கைக்கோள் கருவி வந்ததும் முதியவர்களோடு நின்றுவிட்டது. இதற்காகக் கருவி வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. கருவி உயிரைக் காக்கிறது. ஆனால் போகிற சொல்லை எழுதிவைப்பது யார் வேலை? வேறு எவருடையதும் அன்று, தமிழ்த்துறைகளுடையது.

ஊரே நிலையானது என்றும் எண்ண வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 செ.மீ.க்கும் மேல் பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டது. புன்னைக்காயலுக்குச் செல்லும் சாலை அரித்துப் போய் ஊர் துண்டிக்கப்பட்டது. இதே ஆற்றில் புதுவெள்ளம் வருவதை முக்கூடற்பள்ளு ஆடிப்பாடிக் கொண்டாடுகிறது. அது வயற்காரரின் மகிழ்ச்சி. ஆற்றின் வாயில் குடியிருப்பவர்களுக்கு அந்த வெள்ளம் வேறு முகம் காட்டும். மேலிருந்து அணைகளும் மணற்கொள்ளையும் ஆற்றை மாற்றுகின்றன. கீழிருந்து கடல் கரையைத் தின்கிறது. கொற்கையும் பழைய காயலும் துறை என்ற நிலையை இழந்ததை வரலாறு என்று படிக்கிறோம். புன்னைக்காயலுக்கு அப்படி ஒன்று நேர்ந்தால் அது நம் கண்முன் நடப்பதாக இருக்கும்.

சிலை வைப்பதையும் விழா எடுப்பதையும் பற்றி நான் பேசவில்லை; அவற்றைச் செய்ய ஆட்கள் உண்டு. நம்மால் செய்யக்கூடியவை மூன்று. இளங்கலை உரைநடைத் தாளில் ‘அடியார் வரலாற்றிலிருந்து’ பத்துப் பக்கத்தைச் சேர்க்கலாம். ஆறுமுக நாவலருக்கு முன்னரும் உரைநடை இருந்தது என்பதை மாணவர் வாசித்தே அறியட்டும். கடலோர மாவட்டக் கல்லூரிகளில் முதுகலை மாணவர் ஒவ்வொருவரும் ஆய்வேட்டுக்குப் பதிலாகவோ அதன் பகுதியாகவோ தன் ஊரின் கடற்சொற்களை, பொருளும் சூழலும் சேர்த்துத் தொகுக்கலாம். பத்தாண்டில் ஓர் அகராதி உருவாகிவிடும். பங்குக் கோவில்களின் பழைய திருமுழுக்கு, திருமண, இறப்புப் பதிவேடுகளை உரியவர்களின் இசைவோடு படியெடுத்துப் பாதுகாக்கலாம். எளிய மனிதர்களின் பெயர்கள் நூற்றாண்டுக்கணக்கில் வரிசையாக எழுதப்பட்ட ஆவணங்கள் தமிழகத்தில் வேறெங்கே கிடைக்கும்? மூன்றுக்கும் பெரிய நிதி வேண்டாம். கடற்கரையைத் திணையாக மட்டும் காணாமல் ஊராகவும் காணும் கண் வேண்டும்.

நானூறு ஆண்டுகளுக்கும் முன்பு புன்னைக்காயலிலும் அதன் அண்டைத் துறைகளிலும் வாழ்ந்தவர்கள், தங்கள் பிள்ளைகள் கேட்பதற்கு ஒரு புத்தகம் வேண்டும் என்று காசு கொடுத்தார்கள். அவர்களின் பேச்சு அதில் ஏறியது. அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் இன்று நம் முன்னே பெஞ்சில் அமர்ந்து, தங்கள் பேச்சு புத்தகத்துக்கு ஆகாது என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றுவதற்கு 1586ஐவிட நல்ல சான்று நம்மிடம் இல்லை.